தொட்டிக்குள் விழுந்த ஒருங்கிணைப்பாளரும் அவரைக் காத்த அஞ்சேல் செயலியும்

பல்கலைக்கழகம் என்றால் அறிவாளிகள் கூடியிருக்கும் இடம் என்று நம்புகிறவர்கள் இந்தக் கதையை இத்தோடு நிறுத்திக்கொள்வது அவர்கள் மனசுக்கு நல்லது. மற்றவர்கள் உள்ளே வரலாம்.

கருங்கல்மேட்டுக்கு வெளியே, சீமைக்கருவேலங்காட்டை அழித்து ஒரு பல்கலைக்கழகம் கட்டினார்கள். முள் போய்விட்டது. அதற்குப் பதிலாகத் துறைத்தலைவர்கள் முளைத்தார்கள்.

அங்கே நூலகத்திலிருந்து பெண்கள் விடுதிக்குப் போகும் பாதையில் வரிசையாக விளக்குக் கம்பங்கள் நின்றன. ஒன்றிலும் பல்பு இல்லை. விடுதிக்குப் பின்னால் தரைமட்டத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதற்கு மூடி இல்லை. முதலில் ஒரு நாய் விழுந்தது, பிறகு ஒரு கன்றுக்குட்டி விழுந்தது. அடுத்து நாம்தான் என்று கணக்குப் போட்ட மாணவிகள் நிர்வாகக் கட்டடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து கோஷம் போட்டார்கள். “பல்பு போடு! மூடி போடு!” அவ்வளவுதான் கோரிக்கை.

பெரிய கோரிக்கையாக இருந்திருந்தால் அன்றைக்கே ஏற்றுக்கொண்டிருப்பார்கள். சமத்துவம் வேண்டும் என்றால் உடனே “வந்துவிட்டது” என்று பதில் கிடைக்கும். பல்பு கேட்டால்தான் சங்கடம். போட்டார்களா இல்லையா என்பது நிமிர்ந்து பார்க்கிறவனுக்கெல்லாம் தெரிந்துவிடும் அல்லவா?

ஆகவே வழக்கம்போல் ஒரு குழு போட்டார்கள். குழுவின் ஒருங்கிணைப்பாளர் மேலாண்மைத் துறைத் தலைவர் பேராசிரியர் சாந்தலிங்கம். தன்னைத் தவிர அந்தப் பல்கலைக்கழகத்தில் யோசிக்கிற ஆள் யாருமே இல்லை என்பது அவருடைய உறுதியான கருத்து. அது உண்மையாகக்கூட இருக்கலாம். அதுதான் பல்கலைக்கழகத்தின் துரதிர்ஷ்டம்.

அவருக்குத் துணையாக மூன்று பேர். சுற்றறிக்கையைப் படித்துவிட்டுத்தான் தும்மலாமா என்று முடிவெடுக்கும் துணைப் பதிவாளர் கனகசபாபதி. பெண்கள் விடுதிக் காப்பாளர் அமிர்தவல்லி மேடம். பட்டாளத்துச் சமையல்கூடத்தில் காலமெல்லாம் வெங்காயம் உரித்துவிட்டு, மீசையை மட்டும் வீரனுக்குரிய அளவில் வளர்த்துக்கொண்டு வந்த பாதுகாப்பு அதிகாரி துரைச்சிங்கம்.

டீயும் மெதுவடையும் வந்தபிறகு விவாதம் தொடங்கியது.

“பல்பு போட்டா என்ன ஆகும்?” என்று கேட்டார் சாந்தலிங்கம்.

“வெளிச்சம் வருமுங்க ஐயா,” என்றார் துரைச்சிங்கம்.

“வெளிச்சம் வந்தா?”

“பாதையில கிடக்கிற பாம்பு கண்ணுக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா?”

“பயம் வருமுங்க.”

“அப்ப பயத்துக்குக் காரணம் எது?”

துரைச்சிங்கம் மீசையைத் தடவி யோசித்தார். முகம் மலர்ந்தது. “பல்புதான் ஐயா!”

கனகசபாபதி அந்த நுட்பத்தை வியந்து இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார்.

“மூடியும் அப்படித்தான் சார்,” என்றார் அமிர்தவல்லி. “மூடிட்டா அங்க தொட்டி இருக்கிறதே யாருக்கும் தெரியாமப் போயிடும். தெரிஞ்ச தொட்டியை விடத் தெரியாத தொட்டிதானே ஆபத்து?”

“அதுவும் போக, மூடி எந்தப் பிரிவுல வரும்?” என்று கவலைப்பட்டார் கனகசபாபதி. “கட்டடப் பிரிவைக் கேட்டா அது தண்ணிம்பான். தண்ணிப் பிரிவைக் கேட்டா அது கட்டடம்பான். எந்தப் பிரிவுலயும் வராத ஒண்ணைச் செஞ்சாத்தான் சார் சீக்கிரம் முடியும்.”

எந்தப் பிரிவிலும் வராதது எது என்று நான்கு பேரும் விட்டத்தைப் பார்த்து யோசித்தார்கள். அந்த நேரம் பார்த்து சாந்தலிங்கத்தின் சட்டைப்பையில் இருந்த போன் மணியடித்தது. அவர் போனைப் பார்த்தார். மற்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். இப்படித்தான் ‘அஞ்சேல்’ என்ற பாதுகாப்புச் செயலி பிறந்தது.

ஆபத்தில் இருப்பவர் தன் போனில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போதும். குழுவினரின் போன்கள் அலறும். அழுத்தியவர் எங்கே நிற்கிறார் என்பதை ஒரு நீலப் புள்ளி காட்டும். அழுத்தாவிட்டாலும் அவரவர் திரையில் அவரவர் புள்ளி தெரியும். வளாகத்தில் உள்ள ஆபத்தான இடங்கள் எல்லாம் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். மூடியில்லாத தொட்டிக்கும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார்கள். மூடியாவது துருப்பிடிக்கும், புள்ளி துருப்பிடிக்குமா?

திறப்புவிழா அன்று ஒரு போனைச் சுற்றி ரிப்பன் கட்டி, வெள்ளித் தட்டில் கத்திரிக்கோல் வைத்து, ரிப்பனை வெட்டினார்கள். மறுநாள் சாந்தலிங்கம் தன் கையாலேயே ஒரு சுற்றறிக்கை எழுதினார். ‘இனி வாய்மொழியாக எழுப்பப்படும் அபயக்குரல்கள் ஏற்றுக்கொள்ளப்படமாட்டா. அஞ்சேல் வழியாக வருபவை மட்டுமே பரிசீலிக்கப்படும்.’ எழுதிவிட்டு இரண்டு முறை வாசித்துப் பார்த்தார். கண் பனித்தது.

செயலி வந்து ஒரு மாதமாகியும் ஒருவர்கூடப் பொத்தானை அழுத்தவில்லை. வளாகத்தில் ஆபத்தே ஒழிந்துவிட்டது என்று குழு தீர்மானம் போட்டது. மாணவிகள் பெரும்பாலோர் செயலியை இறக்கிய கையோடு அழித்துவிட்டார்கள் என்பது குழுவுக்குத் தெரியாது. அதைச் சொல்வதற்குச் செயலியில் பொத்தான் இல்லை.

ஒருநாள் பிற்பகல், தொட்டியின் சிவப்புப் புள்ளி சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று நேரில் சரிபார்க்கப் புறப்பட்டார் சாந்தலிங்கம். போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு விடுதியின் பின்பக்கமாக நடந்தார். திரையில் அவர் நீலப் புள்ளி. தொட்டி சிவப்புப் புள்ளி. அவர் நடக்க நடக்க நீலம் சிவப்பை நெருங்கியது.

“அடடா, என்ன துல்லியம்!” என்று மெச்சிக்கொண்டார். இன்னும் நடந்தார். நீலம் சிவப்பை முட்டியது. இன்னும் ஓர் எட்டு. நீலப் புள்ளி சிவப்புப் புள்ளியின் மேல் கச்சிதமாக ஏறி உட்கார்ந்தது.

“பிரமா—” என்றார். “தம்” என்பதைத் தொட்டிக்குள் இருந்து சொன்னார்.

தொட்டி ஒன்றரை ஆள் ஆழம். அடியில் முழங்கால் அளவு பாசித் தண்ணீர் கிடந்ததால் எலும்பு தப்பியது. ஏறுவதற்கு ஒரு காலத்தில் பதித்திருந்த இரும்புப் படிகள் துருப்பிடித்து உதிர்ந்து, அவை இருந்த இடத்தில் பழுப்புத் தழும்புகள் மட்டும் மிச்சம். போன் நனையவில்லை. விழும்போதும் அதை அவர் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். இடுப்பெலும்பைப் பற்றிக்கூட அவ்வளவு அக்கறை எடுத்ததில்லை.

எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது சுவரில் இருந்த குழாய் ஒருமுறை இருமியது. அடுத்த நொடி மாட்டுத் தொடை பருமனில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. ஊர்த் தண்ணீர் திறந்துவிடும் நேரம் அது. சாந்தலிங்கத்துக்கு நீச்சல் தெரியாது. நீச்சல் குளங்களின் மேலாண்மை பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்தான், ஆனால் அந்தக் கட்டுரையைப் பிடித்துக்கொண்டு மிதக்க முடியாது.

“காப்பாத்துங்க! யாராவது காப்பாத்துங்க!” என்று கத்தினார்.

கூப்பிடு தூரம்கூட இல்லை, அந்தப் பக்கத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் துரைச்சிங்கம். ஆபத்து ஏதாவது வருகிறதா என்று போனையே கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தல் காதில் விழுந்தது. போனைப் பார்த்தார். போன் அமைதியாக இருந்தது. ஆக ஆபத்து இல்லை.

கத்தல் நிற்காததால் எழுந்து வந்து, எட்ட நின்று குரல் கொடுத்தார். “யாரது?”

“துரைச்சிங்கம்! நான்தான்யா, சாந்தலிங்கம்! தொட்டிக்குள்ள விழுந்துட்டேன்!”

“வணக்கமுங்க ஐயா.”

“வணக்கம் கிடக்கட்டும், தூக்கிவிடுய்யா!”

“ஐயா மன்னிக்கணும். வாயால வர்ற அபயக்குரலை எடுத்துக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை வந்திருக்கு. நீங்க போட்டதுதான். பொத்தானை அழுத்துங்க, உடனே வந்துடுறேன்.”

“நீதான் பக்கத்துலயே நிக்கிறியே!”

“நிக்கிறேனுங்க. ஆனா இன்னும் வரலையே.”

சாந்தலிங்கத்துக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் பாதியிலேயே பெருமையாக மாறிவிட்டது. தான் எழுதிய ஒரு சுற்றறிக்கையை ஒருவன் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிப்பதை அவர் முதல் முறையாகப் பார்க்கிறார். சரி, வாய்ப்பு வந்திருக்கிறது, செயலியின் முதல் அபயக்குரல் நம்முடையதாகவே இருக்கட்டும் என்று சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

‘நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்களா?’ என்று கேட்டது அஞ்சேல். ஆம்.

‘உறுதியாகவா?’ ஆம்.

‘ஆபத்தின் வகை: பாம்பு, நாய், அந்நியர், தீ, பிற.’ பிற.

‘ஒரு பக்கத்துக்குக் குறையாமல் விளக்கவும்.’ விளையாட்டுப் பிள்ளைகள் வீணாக அழுத்தக் கூடாதென்று அவரே சேர்க்கச் சொன்ன நிபந்தனை அது. தண்ணீர் தொடையைத் தொட்டது. சாந்தலிங்கம் ஈரக் கட்டைவிரலால் அடிக்கத் தொடங்கினார். ‘மனித நாகரிகம் நீர்நிலைகளின் கரையிலேயே தோன்றியது என்பது அறிஞர் பலரும் ஒப்புக்கொண்ட உண்மை…’ அங்கே ஆரம்பித்துத் தொட்டிக்கு வந்து சேர்வதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது.

அனுப்பினார். ‘தங்கள் மனு தங்கள் துறைத்தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்றது அஞ்சேல்.

அவர் துறைக்கு அவர்தான் தலைவர். கையில் இருந்த அதே போன் டிங் என்றது. ‘தங்கள் துறையைச் சேர்ந்த ஒருவர் ஆபத்தில் இருப்பதாகத் தெரிவித்துள்ளார். ஏற்கவா? நிராகரிக்கவா?’

இந்த இடத்தில் சாந்தலிங்கத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எந்த மனு வந்தாலும் முதல் தடவை அதைத் திருப்பி அனுப்பிவிடுவார். விடுப்பு மனுவோ ஆராய்ச்சி மனுவோ, தாயார் இறந்துவிட்டாள் என்ற மனுவோ, எல்லாம் ஒன்றுதான். முதல் தடவையே கையெழுத்துப் போட்டால் தலைவருக்கு என்ன மதிப்பு என்பது அவர் சித்தாந்தம். அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாள் முதல் ஊறிப்போன பழக்கம் அது. மூளை யோசிக்கும் முன்பே கட்டைவிரல் தன் வேலையைச் செய்துவிட்டது.

‘நிராகரிக்கப்பட்டது. காரணம்: விளக்கம் போதவில்லை.’

தன்னைத் தானே நிராகரித்துக்கொண்ட சாந்தலிங்கம் அந்த வரியை இன்னொரு முறை படித்துப் பார்த்தார்.

மேலேயிருந்து குரல் வந்தது. “ஐயா, அழுத்தினீங்களா?”

“அழுத்தினேன்யா. திரும்பி வந்துடுச்சு.”

“யாருங்க திருப்பினது?”

“தலைவர்.”

“மோசமான ஆளுங்க,” என்றார் துரைச்சிங்கம் அனுதாபத்துடன். “கீழே வேலை பார்க்கிறவன் கஷ்டம் அவனுக்கு எங்க தெரியப் போகுது?”

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்த சாந்தலிங்கம் சட்டென்று மூடிக்கொண்டார். தண்ணீர் தொப்புளுக்கு மேலே ஏறியிருந்தது. விளக்கத்தில் இன்னும் இரண்டு வரி சேர்த்து மறுபடி அனுப்பினார். மறுபடி டிங். இந்தத் தடவை கட்டைவிரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு யோசித்தார். தன் மனுவைத் தானே ஏற்கலாமா? நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால்? நேர்மை என்று ஒன்று இருக்கிறதே! வெகு நேரம் குழம்பியபின், மனுதாரர் என்ற முறையில் போனை இடது கையில் பிடித்துக்கொண்டு, தலைவர் என்ற முறையில் வலது கையால் ‘ஏற்க’ என்பதை அழுத்தினார்.

துரைச்சிங்கத்தின் போன் சங்கு ஊதியது. அவர் துள்ளிக் குதித்தார். “ஐயோ! ஆபத்து! யாருக்கோ ஆபத்து!” என்று அலறிக்கொண்டு முதலில் நூலகம் வரைக்கும் ஓடினார். பிறகுதான் திரையைப் பார்த்தார். புள்ளி, அவர் புறப்பட்ட இடத்திலேயே மின்னிக்கொண்டிருந்தது. திரும்பி ஓடிவந்தார். அதற்குள் கனகசபாபதியும் அமிர்தவல்லியும் ஆளுக்கொரு திசையிலிருந்து போனைப் பார்த்தபடி வந்து சேர்ந்தார்கள்.

செயலி அவர்களுக்கு இரண்டு கட்டளைகள் கொடுத்திருந்தது. ‘ஆபத்தில் இருப்பவரை நோக்கி விரைந்து செல்லவும்’ என்பது ஒன்று. தொட்டிதான் சிவப்புப் புள்ளி ஆயிற்றே, அதற்காக ‘ஆபத்துப் பகுதி, நெருங்க வேண்டாம்’ என்பது இன்னொன்று. இரண்டையும் ஒருசேரக் கடைப்பிடிப்பது எப்படி?

“நிக்கவும் கூடாது, கிட்டப் போகவும் கூடாது,” என்று முணுமுணுத்தார் கனகசபாபதி. “அப்ப சுத்தி வர்றதுதான் வழி.”

மூன்று பேரும் கோயில் பிராகாரம் சுற்றுகிறவர்கள் மாதிரி தொட்டியைச் சுற்றி விரைந்து நடக்க ஆரம்பித்தார்கள். வலமாகத்தான் சுற்றினார்கள். அந்த அளவுக்கு விவரம் இருந்தது.

“என்னய்யா பண்றீங்க மேல? தண்ணி நெஞ்சுக்கு வந்துடுச்சு!” என்று கதறினார் சாந்தலிங்கம்.

“விரைந்து வந்துக்கிட்டிருக்கோம் சார்!” என்று மூச்சு வாங்கக் கத்தினார் கனகசபாபதி. “நீங்க மட்டும் அங்கேயே இருங்க. ‘இருக்கும் இடத்திலேயே இருக்கவும், உதவி வந்துகொண்டிருக்கிறது’ன்னு உங்க திரையில வந்திருக்குமே?”

“வந்திருக்கு. ஆனா தண்ணி ஏறுதய்யா!”

“தண்ணிதானே சார் ஏறுது, நீங்க ஏறலையே? விதிப்படி சரியாத்தான் நடக்குது.”

“ஐயாவைத் தூக்கிட்டா அவரு இருந்த இடத்துல இருக்க மாட்டாருங்களே,” என்று துரைச்சிங்கம் கவலைப்பட்டார். “அப்புறம் உதவி வந்து தேடினா எங்க போய் நிக்கிறது?”

இது மூவரையும் கலக்கிவிட்டது. இன்னும் ஒரு சுற்று வந்தார்கள். மூன்றாவது சுற்றில் அமிர்தவல்லி திடீரென்று நின்றார். அவர் கண்ணில் ஒரு சந்தேகம்.

“சாந்தலிங்கம் சார், ஒரு நிமிஷம். இது பெண்கள் விடுதிப் பின்பக்கம். ஆண்கள் இங்க வரக் கூடாதே? எங்கிட்ட அனுமதி வாங்கினீங்களா?”

“மேடம், நான் புள்ளி பாக்க வந்தேன்!”

“எந்தப் புள்ளயப் பாக்க வந்தாலும் அனுமதி வேணும் சார். அனுமதியில்லாம வர்றவரை அந்நியர்னுதான் நம்ம விதியில போட்டிருக்கோம்.” சொல்லிக்கொண்டே அவரும் சிவப்புப் பொத்தானை அழுத்தி ‘அந்நியர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தார். ‘பிற’வுக்குத்தான் விளக்கமும் ஒப்புதலும் வேண்டும், அந்நியருக்கு எதுவும் வேண்டாம். துரைச்சிங்கத்தின் போன் உடனே இரண்டாவது முறை சங்கு ஊதியது.

“ஐயா,” என்று தொட்டியைப் பார்த்து மிக மரியாதையாகச் சொன்னார் துரைச்சிங்கம். “உங்களுக்குப் பக்கத்துல ஒரு அந்நியன் பதுங்கியிருக்கானாம். சூதானமா இருங்க.”

சாந்தலிங்கம் திடுக்கிட்டுத் தொட்டியின் நான்கு மூலையையும் பார்த்தார். கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

“பிடிச்சா என்ன செய்யணும் மேடம்?” என்று கேட்டார் கனகசபாபதி.

“போலீஸ் வர்ற வரைக்கும் பிடிச்ச இடத்துலயே வச்சிருக்கணும். தப்பிக்க விடக் கூடாது.”

“ஆக எப்படிப் பாத்தாலும் சாரு உள்ளதான் இருக்கணும்,” என்று முடித்தார் கனகசபாபதி. ஆபத்தில் இருப்பவர் என்று பார்த்தாலும் உள்ளே, அந்நியர் என்று பார்த்தாலும் உள்ளே. இரண்டு விதிகள் முட்டிக்கொள்ளாமல் ஒத்துப்போவதைத் தன் பணிக்காலத்தில் அவர் கண்டதே இல்லை. நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். தண்ணீர் அக்குளைத் தொட்டது. சாந்தலிங்கம் போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, பேச்சை விட்டு அழ ஆரம்பித்தார்.

அந்த நேரம் விடுதியில் குழாய் வரவில்லை என்று தொட்டியை எட்டிப் பார்க்க வாளியோடு வந்தார்கள் நாலைந்து மாணவிகள். முன்னால் வந்தவள் இசக்கியம்மாள், படிக்கட்டில் உட்கார்ந்து கோஷம் போட்டவர்களில் முதல் வரிசைக்காரி. நெருங்கக் கூடாத தூரத்தை அவள் சட்டை செய்யவில்லை. விளிம்பில் குனிந்து உள்ளே பார்த்தாள்.

“ஏ பிள்ளைகளா, இங்க வாங்க! நம்ம குடிக்கிற தண்ணிக்குள்ள ஒருங்கிணைப்பாளர் ஊறிக்கிட்டு கிடக்காரு!”

“இசக்கி! அம்மா! தூக்கிவிடும்மா!”

“உள்ள இருட்டா இருக்கா சார்? பல்பு வேணும்னா ஒரு மனு எழுதிக் குடுங்க. குழு போட்டுப் பாப்போம்.”

“நெஞ்சுக்கு மேல தண்ணிம்மா!”

சிரித்துக்கொண்டிருந்தவள் முகம் மாறியது. ஓடிப்போய், விடுதிக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் சாத்தி வைத்திருந்த மூங்கில் ஏணியைத் தோழிகளோடு தூக்கிவந்தாள்.

கனகசபாபதி குறுக்கே கையை நீட்டினார். “நில்லும்மா. நீ அஞ்சேல்ல பதிவு பண்ணியிருக்கியா?”

“அந்த ஆப்பை அன்னைக்கே தூக்கிட்டேன் சார். போன்ல இடத்தை அடைச்சிக்கிட்டு கிடந்துச்சு.”

“அப்படின்னா என் திரையில நீ இல்ல. திரையில இல்லாத ஆளு இங்க எப்படி ஏணியோட நிக்க முடியும்?”

“அப்ப இல்லாத ஆளு இடிச்சா வலிக்காதுல்ல?” என்று சொல்லி ஏணி முனையால் அவரை ஓரமாக நகர்த்திவிட்டு, ஏணியைத் தொட்டிக்குள் இறக்கினாள்.

சாந்தலிங்கம் வாழ்க்கையில் முதல் முறையாக யாருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்காமல் ஒரு காரியம் செய்தார். இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்து ஏறினார். இரண்டு கையும் ஏணிக்குப் போனதால் போன் தண்ணீருக்குள் போனது. மேலே வந்து, பாசியும் சேறுமாகத் தரையில் உட்கார்ந்து, வானத்தைப் பார்த்து மூச்சு வாங்கினார். பெண்கள் கை தட்டினார்கள். உள்ளே குழாய் வழக்கம்போல் பாதியிலேயே விக்கி நின்றுபோனது.

“அப்பாடா, பிழைச்சேன்,” என்றார்.

குழுவினர் மூன்று பேரும் கனகசபாபதியின் போனுக்குள் தலையை விட்டிருந்தார்கள். பிறகு கனகசபாபதி துயரத்தோடு நிமிர்ந்தார்.

“சாந்தலிங்கம் சார் இன்னும் உள்ளதான் இருக்காரு.”

“நான்தானய்யா சாந்தலிங்கம்!”

“பாத்தா அப்படித்தான் தெரியுது சார். ஆனா புள்ளி உள்ள இருக்கே.”

சாந்தலிங்கம் போனை வாங்கிப் பார்த்தார். உண்மைதான். தொட்டிக்கு நடுவே அவர் பெயர் போட்ட நீலப் புள்ளி கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. கீழே எழுதியிருந்தது: ‘இன்னும் மீட்கப்படவில்லை.’

துரைச்சிங்கம் தொட்டியின் பக்கம் திரும்பி விறைப்பாக சல்யூட் அடித்தார். “ஐயா, தைரியத்தை விட்டுடாதீங்க! வந்துக்கிட்டே இருக்கோம்!”

“இவரு யாருன்னு முதல்ல கேளுங்க,” என்றார் அமிர்தவல்லி, சாந்தலிங்கத்தை ஏற இறங்கப் பார்த்து. “நான் அப்பவே அந்நியர்னு அழுத்தினேன்ல?”

சாந்தலிங்கத்துக்குத் தலை சுற்றியது. செயலி பொய் சொல்லாது. சொன்னால், அதை உருவாக்கிய தான் தவறு செய்ததாகிவிடும். தான் தவறு செய்யக்கூடியவர் அல்ல. ஆகவே செயலி சொல்வது சரி. ஆகவே தான் உள்ளே இருக்கிறோம். அப்படியென்றால் இங்கே நனைந்துபோய் நடுங்கிக்கொண்டிருப்பது யார்? அவர் தன் கையைக் கிள்ளிப் பார்த்தார். வலித்தது. வலி ஒரு ஆதாரமா என்றும் யோசித்தார்.

“சார், போன் உள்ள விழுந்து செத்துப்போச்சு சார். அதான் கடைசியா இருந்த இடத்தையே காட்டுது,” என்றாள் இசக்கி. “நீங்க வெளிய நிக்கிறீங்க. நாங்க இத்தனை பேரு பாக்கிறோம்ல?”

“நீங்க பாக்கிறதுக்கு ஆதாரம் என்னம்மா?” என்று பரிதாபமாகக் கேட்டார் சாந்தலிங்கம்.

கனகசபாபதி விதியை நினைவுபடுத்தினார். பொத்தானை அழுத்தியவர் அதே போனில் ‘பத்திரமாக இருக்கிறேன்’ என்பதையும் அழுத்தினால்தான் மீட்பு முடிந்ததாகக் கணக்கு. அதுவரைக்கும் அவர் ஆபத்தில் இருப்பவர்தான். அஞ்சேலின் முதல் அபயக்குரலே தோல்வி என்று பதிவாகிவிடும். ஊர் சிரிக்கும்.

தோல்வி என்ற சொல் சாந்தலிங்கத்தின் நெஞ்சில் தைத்தது. அவர் எழுந்தார். வேட்டியாக இருந்தால் மடித்துக் கட்டியிருப்பார், பேண்ட் என்பதால் சுருட்டிவிட்டுக்கொண்டார்.

“போய் அழுத்திட்டு வந்துடுறேன்.”

இசக்கி தலையில் அடித்துக்கொண்டாள். “வாங்கடி போவோம். இன்னும் கொஞ்ச நேரம் நின்னா நமக்கும் புள்ளி வச்சிருவாங்க.” வாளியை எடுத்துக்கொண்டவள் துரைச்சிங்கத்திடம் திரும்பினாள். “அண்ணாச்சி, காப்பாத்தி முடிஞ்சதும் ஏணிய மட்டும் விடுதியில கொண்டாந்து போட்டுருங்க. வெள்ளையடிக்கிறவங்க தேடுவாங்க.”

“முடிஞ்ச அடுத்த நிமிஷம் கொண்டாந்துடுறேம்மா,” என்று வாக்குக் கொடுத்தார் துரைச்சிங்கம்.

சாந்தலிங்கம் ஏணியில் இறங்கினார். நெஞ்சளவு தண்ணீரில் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினார். எழுந்தார். மறுபடி முங்கினார். மேலே மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். புள்ளி இருக்கும் இடத்திலேயே ஆளும் இருக்கிறார்.

“இப்பத்தான் சார் எல்லாம் சரியா இருக்கு,” என்று ஆறுதலாகச் சொன்னார் கனகசபாபதி.

ஐந்தாவதோ ஆறாவதோ முங்கலில் போன் கையில் அகப்பட்டது. சாந்தலிங்கம் அதை உதறினார், ஊதினார், ஈரச் சட்டையில் துடைத்தார். திரை கருங்கல் மாதிரி கறுத்துக் கிடந்தது. பொத்தான் எங்கே இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலில் உயிர் முழுவதையும் திரட்டி, அந்தக் கறுப்புக் கண்ணாடியில் ஓங்கி அழுத்தினார்.

பிறகு தொட்டியே அதிரும்படி அவர் குரல் எழுந்தது. “அழுத்திட்டேன்! நான் பத்திரமா வெளிய வந்துட்டேன்!”

மேலே கனகசபாபதியும் அமிர்தவல்லியும் கட்டிப்பிடிக்காத குறையாகக் கை தட்டினார்கள். துரைச்சிங்கம் ஒரு சல்யூட் அடித்துவிட்டு, கொடுத்த வாக்கை நினைத்து ஏணியை மேலே இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு விடுதியைப் பார்த்து நடந்தார்.